‘கல்யாணம் எப்போம்மா?’

எம்.பி.ஏ. இறுதியாண்டு மாணவர்களுக்கான மாதிரி நேர்காணல். பேச்சுத் தெளிவுக்கு மதிப்பெண் போட, தமிழ்த்துறையிலிருந்து என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். முதலில் வந்த பையனிடம், “இன்னும் அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?” என்று கேட்டார்கள். அடுத்து வந்த மாணவியிடம், “கல்யாணம் எப்போம்மா?”

அவள் தயங்கவே இல்லை. “ரெண்டு வருஷத்துக்கு வீட்டுல அந்தப் பேச்சே எடுக்க மாட்டாங்க சார்.” பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த பதில். தெளிவாகச் சொன்னாள். நானும் பத்துக்கு எட்டுப் போட்டேன்.

அந்த எட்டு இன்றும் உறுத்துகிறது.

கேட்கிறவர் கணக்குப் பார்த்துத்தான் கேட்கிறார். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் வந்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. அதில் ஒரு நாளைக்கூட நான் விட்டுத்தர மாட்டேன். ஆனால் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிய சம்பளக்காரிக்கு அந்த 26 வாரச் சம்பளமும் நிறுவனத்தின் செலவு. தனியார் துறையில் தந்தைக்கு விடுப்புத் தர வேண்டும் என்று சட்டமே இல்லை. பிள்ளை இருவருக்கும், செலவுக் கணக்கு மட்டும் அவள் பெயரில். அவளை எடுக்காமலிருந்தால் செலவு மிச்சம். இந்தக் கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது.

மனிதவள மேலாண்மை வகுப்பில் இதைத்தானே முதலில் பேச வேண்டும்? ஆளெடுப்பில் பெண்ணைப் பாகுபடுத்தக் கூடாதென்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொல்லிவிட்டது. 10 பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். 50 பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும். இவற்றை ஐந்து மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்கிறாள் மாணவி. இவை தன் உரிமைகள் என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. நேர்காணலுக்குச் சேலையில் எங்கெங்கே பின் குத்த வேண்டும் என்று மட்டும் தவறாமல் சொல்கிறார்கள்.

மார்ச் 8 வந்தால் மேடையேறும் விருந்தினர், “வீட்டை நிர்வகிக்கும் பெண்ணைவிடச் சிறந்த மேனேஜர் உண்டா?” என்பார். கைதட்டல் எழும். அவ்வளவு உயர்ந்த அனுபவமென்றால், பத்து வருடம் வீட்டை நிர்வகித்துவிட்டு வேலை கேட்டு வருகிறவளின் விண்ணப்பத்தில் அதற்கு ஏன் ‘இடைவெளி’ என்று பெயர் வைக்கிறீர்கள்?

கல்விக் கடனைத் தோளில் சுமந்து நிற்கும் மாணவியிடம், ‘அந்த அறையிலேயே சண்டை போடு’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. சண்டை எங்களுடையது. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனத்திடம், இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று கல்லூரி எழுதி வாங்கட்டும். பணிந்துபோகும் பதிலைப் பயிற்றுவிப்பதை நாங்கள் நிறுத்துகிறோம்.

பெண்ணே, நாளை நீ மேசையின் அந்தப் பக்கம் உட்காருவாய். அன்று அந்தக் கேள்வியைக் கேட்காதே. தந்தைக்கும் விடுப்புக் கொடு என்று உன் நிறுவனத்திடம் கேள்.