காதலைக் கனடாவின் தலையில் கட்டாதீர்கள்

சென்ற வாரம் ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. தட்டோடு பக்கத்தில் வந்து அமர்ந்த அண்ணர் ஒருவர், கேளாமலே தீர்ப்புச் சொன்னார்: "எங்கட ஆக்களுக்குள்ள இந்தக் காதல் கீதல் ஒண்டும் இருக்கேல்ல தம்பி. எல்லாம் இஞ்ச வந்து பழகினது." யாரோ வீட்டுப் பிள்ளை, 11ஆம் வகுப்பு, கூடப் படிக்கும் பொடியனோடு கதைக்கிறாளாம். மேசையைச் சுற்றியிருந்த தலைகள் எல்லாம் ஆடின.

ஆடிய தலைகளே, சங்க இலக்கியமான குறிஞ்சிப்பாட்டைப் படித்ததுண்டா? ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழை அறிவிக்கக் கபிலர் பாடியது என்பது மரபு. 261 அடி. அந்நியனுக்குத் தமிழைக் காட்ட அவர் எதை எடுத்தார்? பெற்றோர் சொற்கேட்கும் பெருமையையா? தினைப்புனம் காக்கப் போன பெண் வீட்டுக்குத் தெரியாமல் ஒருவனை விரும்பியதை! மகள் ஏன் மெலிகிறாள் என்று தெரியாமல், அவளை வளர்த்த செவிலித்தாய் தெய்வங்களைக் கும்பிட்டுத் திரிகிறாள். நாம் ரிச்மன்ட்ஹில் கோயிலில் அர்ச்சனை செய்கிறோம். வேறு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தப் பாட்டின் 99 பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைக்கு மேடையில் கைதட்டுகிறோம். பூப்பறித்தவள் அன்றைக்கே காதலனைச் சந்தித்தாள் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். கபிலரும் கனடாவுக்கு வந்து கெட்டுப்போனவரோ?

சங்ககாலம் தூரம் என்பீர்கள். எண்பதுகளின் யாழ்ப்பாணம்? ரியூட்டறி விட்டதும் சைக்கிளில் பின்னால் போனது யார்? கொப்பிக்குள் கடிதம் வைத்தது யார்? இன்று பண்பாடு பேசும் இதே அண்ணர்மார்தான். 2020இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் நடித்த மிசிசாகா மைத்ரேயி ராமகிருஷ்ணனை "எங்கட பிள்ளை" என்று கொண்டாடியவர்களும் இவர்களே. அவர் ஏற்ற பாத்திரம் முதல் அத்தியாயத்திலேயே சாமியிடம் காதலன் கேட்கிறது. திரையில் என்றால் பெருமை; வீட்டில் என்றால் மானம்.

சாமத்தியவீடு என்று மண்டபம் பிடித்து, மகளைப் பல்லக்கில் ஏற்றி, அவள் பெரியவளானதை ஊருக்கெல்லாம் அறிவிப்பதும் நாம்தான். பிறகு ஒருவன் அவளைத் திரும்பிப் பார்த்தால் அதிர்ச்சியாம்! மகன் அதையே செய்தால் "வயசுக் கோளாறு" என்று சிரிப்பு. உண்மைக் கவலை பண்பாடல்ல என்பது அடுத்த கேள்வியில் வெளிப்படும்: "பொடியன் எந்த ஊர்? ஆற்ற ஆக்கள்?" கடல் தாண்டி வந்தும் சாதி விசாரிப்பு நிற்கவில்லை. கபிலரின் தலைவியை ஒருவரும் இப்படிக் குடையவில்லை. அவள் தோழி நேரே செவிலியிடம் போய் நடந்ததைச் சொன்னாள், செவிலி காதுகொடுத்தாள்.

பெற்றோரே, அந்தக் காதைக் கொஞ்சம் கொடுங்கள். வீட்டில் உண்மை சொல்ல இடமில்லாத பிள்ளை நூலகத்துக்குப் போவதாகப் பொய் சொல்லும். காதலிக்க அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நீங்கள்.