பட்டதாரிகளுக்கு வாழ்த்து, மண்ணுக்கு மரியாதை

லயங்களிலிருந்தும் கரும்புக் காணிகளிலிருந்தும் போய்ப் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். கொழுந்து பறித்தும் கரும்பு வெட்டியும் அவர்களைப் படிக்கவைத்த பெற்றோருக்கு அதைவிடப் பெரிய வாழ்த்து.

சங்கக் கிளைகள் இனிப் பாராட்டு விழாக்கள் நடத்தும். மாலையும் பொன்னாடையும் இருக்கட்டும். இந்த மண்ணில் நமக்கு முன் வாழ்ந்த ஆதிக்குடிகளையும் அந்த மேடையில் நினைவுகூர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நான் பிறந்த இறக்காமத்து வயலுக்கும், பக்கத்திலுள்ள ஹிங்குரானைக் கரும்புக்கும் கல்லோயா நீர்தான் உயிர். 1949இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சேனநாயக்க சமுத்திரம் நிரம்பியபோது, வேடுவரின் வேட்டைக் காடுகள் நீருக்குள் போயின. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானதும், தம்பானை வேடுவருக்குப் பரம்பரைக் காடு அந்நியமானது. பாட்டன் காலத்திலிருந்து வேட்டையாடியவர் சட்டத்தை மீறியவர் ஆனார்.

"நமக்கே காணி இல்லை, இவர்களைப் பற்றி ஏன் பேச வேண்டும்?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நமது கதையும் அங்கேதான் தொடங்குகிறது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிக் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசின் சொத்தாகக் கணித்தது. கண்டி விவசாயிகள் சேனை செய்த நிலங்கள் அப்படித்தான் துரைமார் கைக்குப் போயின. அங்கே உழைக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் நம் முன்னோர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. கையில் உறுதி இல்லாதவருக்கு உரிமையும் இல்லை என்ற கணக்கு வேடுவருக்கும் நமக்கும் ஒன்றுதான். அவர்களுடைய உரிமையை மதித்தால் நமது காணிக் கோரிக்கைக்கும் வலு கூடும்.

மொழியும் அப்படியே. 1987இல் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியானது. இருந்தும் சிங்களப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறோம். வேடுவர் மொழிக்கோ அந்தச் சட்ட இடமும் இல்லை. வாகரைக் கரையோர வேடுவர் இன்று தமிழே பேசுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைகளில் படிக்கிறார்கள். அங்கே ஆசிரியராகப் போகும் நம் பட்டதாரி, 'வேடன்' என்ற சொல்லை யாரும் வசையாக வீச விடக்கூடாது. ஐக்கிய நாடுகள் சபை 2022 முதல் 2032 வரையான காலத்தைப் பழங்குடி மொழிகளின் தசாப்தமாக அறிவித்திருக்கிறது. அது வகுப்பறைக்குள் வராவிட்டால் வெறும் அறிவிப்புத்தான்.

பட்டதாரிகளே, மாதத்தில் ஒரு நாள் சங்கக் காரியாலயத்தில் உட்கார்ந்து நம்மவரின் படிவங்களை நிரப்பிக் கொடுங்கள். பிரட்டுக்களத்திலும் மலையிலும் முதியவர்கள் பேசும் சொற்களை எழுதி வையுங்கள். காணி கேட்டு நாம் வீதிக்கு இறங்கும் நாளில் முன்வரிசையில் நில்லுங்கள். உங்கள் பட்டம் வீட்டுச் சுவருக்கு மட்டும் அழகு சேர்த்தால் போதாது.