உடன்படிக்கையில் இடம்பெறாத உயிர்கள்

தூது என்பது தமிழர்க்குப் புதியதன்று. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நாம் வாழும் இத்தொண்டை நாட்டிற்கே ஔவையார் அதியமானின் தூதராய் வந்து, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு, தம் கருத்தைக் குறிப்பாற் புலப்படுத்திச் சென்றார் என்பதைப் புறநானூறு கற்றோர் அறிவர். அந்நூலில் வேறொரு தூதும் உண்டு. மலையமானின் இளஞ்சிறுவரை யானையின் காலில் இடத் துணிந்த சோழன் கிள்ளிவளவன்முன் கோவூர்கிழார் சென்று நின்று, அக்குழந்தைகளுக்காக வழக்காடினார். முன்னது இரு வேந்தரைப் பற்றிய தூது. பின்னது தமக்கென ஒரு சொல்லும் சொல்ல வல்லமையற்ற சிறுவரைப் பற்றிய தூது. இவ்விரண்டனுள் முதலாவதை இக்கால அரசுகள் நன்கு கற்றன. இரண்டாவதைப் பெரிதும் மறந்தன. இதுவே நாம் இக்கட்டுரையிற் சொல்லப் புகுவது.

இதனைச் சொல்ல நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. ஊரப்பாக்கத்தில் மின்தொடர் வண்டி ஏறி, வண்டலூரைக் கடந்து தாம்பரத்தில் இறங்கினாலே போதும். 1938-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அதற்கு முந்திய ஆண்டிலேதான் சென்னை நகரத்தினின்று தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்திலே, சர்வதேச மிஷனெரி மன்றத்தின் மாநாடு கூடிற்று. ஏறத்தாழ எழுபது நாடுகளினின்று நானூற்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தனர். இம்மாநாடு சீன தேசத்து ஹாங்சௌ நகரிற் கூடுவதாகவே முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. 1937-இல் ஜப்பானியப் படை சீனத்துள் புகுந்தமையால் அங்கே கூட இயலாமற் போக, தாம்பரம் அவ்விடத்தைப் பெற்றது. படையெடுப்பின் நிழல் நம் ஊர்மீது விழுந்தது அப்பொழுதே எனலாம்.

அம்மாநாட்டில் சீனரும் ஜப்பானியரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்தனர். சீனத்திலிருந்து வந்தவருள் ஊ யீபாங் அம்மையார் ஒருவர். நான்கிங் நகரத்து ஜின்லிங் மகளிர் கல்லூரியின் தலைவி அவர். அதற்குச் சரியாக ஓராண்டின் முன்னே நான்கிங் வீழ்ந்தபோது, அக்கல்லூரியின் வளாகத்திலேதான் ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் அடைக்கலம் புகுந்திருந்தனர். ஜப்பானினின்று வந்தவருள் கக்காவா தொயொஹிக்கோ ஒருவர். தம் நாடு சீனத்துக்கு இழைத்த தீங்கிற்காக வருத்தம் தெரிவித்தமையால் 1940-இல் அவர் தம் அரசாலேயே சிறைப்பட்டார். அவ்விருவரும் போரை நிறுத்தவில்லை; நிறுத்தும் ஆற்றலும் அவர்க்கில்லை. ஆயினும் அடிபட்டோரின் சார்பாகப் பேசும் மனிதர் இரு புறத்திலும் இருக்கக்கூடும் என்பதற்கு அவர்கள் சாட்சியாயினர்.

போரை நிறுத்தும் ஆற்றல் பெற்றிருந்தோர் செய்தது யாது? 1931-இல் மஞ்சூரியா கைப்பற்றப்பட்டபோது சர்வதேச சங்கம் லிட்டன் பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிற்று. குழுவின் அறிக்கை 1932-இல் வெளிவந்தது. மறு ஆண்டு ஜப்பான் சங்கத்தினின்று விலகிற்று. அறிக்கையோ அலமாரியில் தங்கிற்று. 1937 நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் வல்லரசுகள் கூடிப் பேசிக் கலைந்தன. 1940 ஜூலையில், ஜப்பானின் வற்புறுத்தலுக்கு இணங்கி, சீனத்துக்குப் பொருள் சென்றுகொண்டிருந்த பர்மாப் பாதையைப் பிரிட்டிஷ் அரசு மூன்று திங்கள் அடைத்து வைத்தது. பிறன் வீட்டுத் தீயை நம் கூரைக்கு வராதென்று பார்த்திருப்பது அக்கால இராஜதந்திரமாயிருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பதைச் சீன மக்கள் தம் உயிர்கொடுத்து அறிந்தனர்.

தீ நம் கூரைக்கும் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலேயாவில் இறங்கிற்று. 1942 பெப்ரவரி 15-இல் சிங்கப்பூர் பணிந்தது. மார்ச்சுத் திங்களில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவினின்று ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் தாய்நாடு நோக்கிப் புறப்பட்டனர். கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடையாதோர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தனர்; வழியில் பசியாலும் நோயாலும் மாண்டோர் பல்லாயிரவர். அவருள் தமிழர் தொகை சிறிதன்று. ஏப்ரல் 6-ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரத்தார் இலட்சக்கணக்கில் ஊரை விட்டகன்றனர். எழும்பூரில் இடங்கிடைத்துத் தெற்கே ரயிலேறியோர் யாவரும் தாம்பரத்தையும் ஊரப்பாக்கத்தையும் கடந்தே சென்றனர். அவர்கள் சில திங்களில் வீடு திரும்பினர். மலேயாவிலே அகப்பட்ட தமிழர்க்கோ திரும்பும் வழியே இல்லாதிருந்தது.

அவர்கள் கதை விரித்துரைக்கத் தக்கது. கங்காணிகளின் சொல்லை நம்பி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிப் பிழைத்த கூலிகள் அவர்கள். தோட்டத்துரைமார் ஓடிவிட்டனர், வேலையில்லை, அரிசியில்லை. அந்நிலையில் புதிய எசமானர் வந்து, சயாமில் மூன்று திங்கள் வேலை, கூலியுண்டு, உணவுண்டு என்றனர். நம்பிச் சென்றோர் சிலர். பிடித்துச் செல்லப்பட்டோர் பலர். மத்தளத்திற்கு இருபுறமும் இடி என்பது இவர்களுக்கே பொருந்தும். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் முடித்தது ஜப்பானியப் படை. அதற்கெனக் காட்டை வெட்டி, பாறையை உடைத்து, மண் சுமந்தோருள் நேசநாட்டு யுத்தக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர். பின்னவருள் மலேயாவினின்று சென்றோர் ஏறத்தாழ 75,000 என்றும், அவருட் பெரும்பாலோர் தமிழர் என்றும் மதிப்பிடுவர்.

கைதிகளும் கொடுந்துயர் உற்றனர். அவருள் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆயினும் அவர்களிடையே மருத்துவர் இருந்தனர், அதிகாரிகள் இருந்தனர், மறைவாகவேனும் பெயர்ப்பட்டியல் எழுதுவோர் இருந்தனர். தமிழ்க் கூலிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது கூடாரம் கூடாரமாக அவர்கள் மடிந்தனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்பர். ‘இருக்கலாம்’ என்னும் இச்சொல்லே நம் நெஞ்சை அறுக்கின்றது. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள், பெரும்பாலும் பெயர் பொறித்து, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் போற்றப்படுகின்றன. அது முறையே, அதனை நாம் குறை கூறோம். ஆனால் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டி வழிபட்ட இனத்தின் மக்கள், கல்லுமின்றிப் பெயருமின்றி அக்காட்டு மண்ணோடு மண்ணாயினர். தண்டவாளத்தின் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் உயிர் என்று மக்கள் சொல்லிவரும் சொல்லே அவர்களுக்கு எஞ்சிய கல்வெட்டு.

போர் முடிந்தது, கணக்குத் தீர்க்கும் காலம் வந்தது. இங்கேதான் இராஜதந்திரத்தின் தராசை நாம் உற்று நோக்கவேண்டும். 1946-இல் அவ்விருப்புப்பாதையின் சயாம்ப் பகுதி அந்நாட்டரசுக்கு 12,50,000 பவுனுக்கு விற்கப்பட்டது. அண்டை நாடுகளினின்று பெயர்த்துக் கொணரப்பட்டிருந்த தண்டவாளம் முதலிய பொருள்களுக்கு அத்தொகையினின்று ஈடு தரப்பட்டது. இரும்புக்கு ஈடு கிடைத்தது. 1951-இல் சான்பிரான்சிஸ்கோவில் எழுந்த சமாதான உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, நேசநாட்டு யுத்தக் கைதிகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே நிதி வழங்க ஏற்பாடு செய்தது. படைவீரனுக்கு ஈடு கிடைத்தது. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி பெறுமான பொருளுதவி தர உடன்பட்டது. அது இரண்டு கப்பல்களாக வந்து சேர்ந்தது. அரசுக்கும் ஈடு கிடைத்தது. பால்மரக் காட்டு லயத்தின் வாயிலில் கணவன் வருவானெனக் காத்திருந்த தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைத்தது யாது?

நம் பாரதம் செய்ததையும் மறையாது கூறுவோம். அமெரிக்கப் படை ஜப்பானிலேயே தங்குவது முதலியவற்றை ஒப்பாமல், இந்திய அரசு சான்பிரான்சிஸ்கோவுக்குச் செல்ல மறுத்தது. 1952 ஜூன் 9-ஆம் நாள் ஜப்பானோடு தனியே உடன்படிக்கை செய்து, நட்ட ஈடு கோரும் உரிமை முழுவதையும் கைவிட்டது. இலங்கையின் பிரதிநிதி ஜே. ஆர். ஜெயவர்த்தனா, பகை பகையால் தணியாது என்னும் புத்தர் பெருமானின் போதனையை நினைவூட்டி, தம் நாடு ஈடு கோராதென 1951-இலேயே அம்மாநாட்டில் அறிவித்தார். இச்செயல்களை எள்ளுதல் அறியாமையாகும். 1919-இல் தோற்ற ஜெர்மனியின்மீது சுமத்திய பெரும் கடனும் அவமானமும் இருபதே ஆண்டில் வேறொரு பெரும்போருக்கு எருவாயின. தோற்றவனைத் தாழ்த்தாது தோழனாக்கிக் கொள்வது நேருவின் நோக்கம்; அது தொலைநோக்குடையதே. அந்நட்பினால் ஆசியா நன்மையும் பெற்றது.

ஆயினும் நம் மனம் ஒன்றைக் கேட்கின்றது. மன்னிக்கும் உரிமை யாருடையது? என் வீட்டுக் கடனை நான் தள்ளலாம். அயலான் வீட்டுக் கடனை நான் தள்ளி அருளாளன் எனப் பெயரெடுப்பது எங்ஙனம் பொருந்தும்? அரசு பணத்தை விட்டுக்கொடுத்தது தவறென்பது நம் கட்சியன்று. பணத்தை விடும்போதே பெயர்களையும் விட்டதே தவறென்கிறோம். யார் சென்றார், எவ்வூரார், எங்கே மாண்டார், யாரை விட்டுச் சென்றார் என்று ஒரு பட்டியல் எடுத்து, அக்குடும்பங்களை அழைத்து, ‘உம் இழப்பை நாடு அறியும்’ என்று சொல்லிய பின்னர் ஈட்டைக் கைவிட்டிருந்தால், அது மன்னிப்பாகும். எண்ணாது விட்டது மறதியேயாகும். பிரிட்டிஷார் மலேயாக் கூலியைத் தம் படைவீரனாக எண்ணவில்லை. இந்தியா அவனைக் கடல் கடந்தவன் எனக் கருதிற்று. மலேயா அப்பொழுது தன் வாயால் பேசும் நிலையில் இல்லை. மூவரும் தத்தம் நியாயம் உடையவரே. இறந்தவனோ மூவர் கணக்கிலும் சேரவில்லை.

பழங்கதை இதுவெனச் சிலர் நினைக்கலாம். 2022 பெப்ரவரி 24-ஆம் நாள் ருஷியப் படை உக்ரைனுள் புகுந்தபோது, அங்கே மருத்துவம் பயின்ற நம் மாணவர் நிலவறைகளில் ஒடுங்கினர். அவருள் தமிழ்நாட்டார் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். மார்ச்சு 2-இல் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை படையெடுப்பைக் கண்டித்து வாக்களித்தது. 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, இந்தியா உள்ளிட்ட 35 நாடுகள் நடுநிலை பூண்டன. அந்நடுநிலையை அறமென்பாரும் உளர்; அச்சமென்பாரும் உளர். இரு திறத்தாரோடும் பேசும் வாயில் திறந்திருந்தமையால் மாணவரை மீட்க இயன்றது என்னும் வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. ஏறத்தாழ 22,500 இந்தியர் தாயகம் மீண்டனர். ஆனால் வாயில் திறந்திருப்பது தன்னளவில் சிறப்பன்று. அவ்வாயிலின் வழியே யாருக்காகப் பேசினோம் என்பதே கேள்வி. தன் மக்களை மீட்கப் பேசுவது கடமை; அங்கேயே வீடிழந்து நிற்கும் மக்களுக்காகவும் பேசுவது அறம்.

அத்தகைய பேச்சு வீண்போவதில்லை என்பதற்கும் அப்போரிலேயே சான்றுண்டு. 2022 ஜூலையில் துருக்கியும் ஐக்கிய நாடுகளும் முயன்று, கருங்கடல் வழியே தானியக் கப்பல் செல்ல உடன்பாடு கண்டன. ஓராண்டின்பின் அது முறிந்தது எனினும், அதற்குள் ஏறத்தாழ 3.3 கோடி டன் தானியம் உலகின் பசித்த வயிறுகளை நோக்கிச் சென்றது. போர் நிற்கவில்லை; எல்லை மாறவில்லை; ஆயினும் அடுப்பெரிந்தது. கோவூர்கிழாரின் தூது இவ்வகையைச் சார்ந்தது.

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டே. சமாதான உடன்படிக்கை எதுவாயினும், போர் செய்யாத மக்களின் இழப்பை எண்ணிப் பெயர் எழுதும் பிரிவு அதில் முதற்கண் இடம்பெறல் வேண்டும். எல்லைக்கோடும் கடன்தொகையும் அதன் பின்னர் வரலாம். 1945-இல் ஐக்கிய நாடுகளின் சாசனத்தில் ஒப்பமிட்ட பெண்மணிகள் நால்வருள் ஒருவர், தாம்பரத்துக்கு வந்துசென்ற அதே ஊ யீபாங் அம்மையார். அச்சாசனம் அரசுகளின் பெயரால் அன்றி மக்களின் பெயரால் தொடங்குகின்றது என்பதை அரசுகள் மறவாதிருத்தல் வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள் நம் கல்லூரி மாணவர்க்கு. தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரையுள்ள ஊர்களில், மலேயாவுக்கோ பர்மாவுக்கோ சென்று திரும்பாத ஒருவரை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கும். பாட்டியர் சொல்லக் கேட்டோரும் முதுமை எய்திவிட்டனர். விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு அவ்வீடுகளுக்குச் செல்லுங்கள். பெயர், ஊர், சென்ற ஆண்டு, கடைசிக் கடிதம் வந்த நாள், இவற்றைக் கேட்டெழுதுங்கள். அரசுகள் எழுதாது விட்ட பட்டியலை முழுவதும் நம்மால் எழுதிவிட இயலாது. ஆனால் ஒரு பெயர் எழுதப்படின், ‘இருக்கலாம்’ என்னும் கணக்கினின்று ஓர் உயிர் மீட்கப்படும்.