எண்பது விழுக்காடு என்னும் மயக்கம்

தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது பேர் எழுத்தறிவு பெற்றவர்கள். ஆயினும் ஒரு சிற்றிதழுக்குச் சில நூறு வாசகர்கள் தேறுவதில்லையே என்று நாம் கூடும்போதெல்லாம் அலுத்துக்கொள்கிறோம். அந்த எண்பது எதை அளந்து பெறப்பட்டது என்று மட்டும் கேட்பதில்லை.

அது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தந்த எண். ஏழு வயது நிறைந்தவர், ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் வல்லவராயின் எழுத்தறிவு பெற்றவர் என்பது அதன் வரையறை. ஆனால் கணக்கெடுப்பாளர் எவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதில்லை. வீட்டில் விடையளிப்பவர் அனைவருக்குமாகச் சொல்லிவிடுகிறார்.

அளவீட்டில் நம்பகத்தன்மை வேறு, ஏற்புடைமை வேறு. எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வருவது முன்னது. அளக்க எண்ணியதையே அளப்பது பின்னது. அதே வீட்டில் மறுநாள் கேட்டாலும் பெரும்பாலும் அதே விடைதான் கிடைக்கும். ஆனால் அங்கே அளக்கப்படுவது ஒருவரின் வாசிப்புத் திறன் அன்று. அவரைப் பற்றி வீட்டார் கொண்டிருக்கும் எண்ணம். கையொப்பம் மட்டுமே இடத் தெரிந்தவர் அச்சொல்லால் எழுத்தறிந்தவராகிவிடக்கூடும். நாள்தோறும் செய்தித்தாள் படித்தும் எழுதக் கைவராத மூதாட்டியோ, வரையறையின்படியே எழுத்தறிவற்றவர். நமக்கு வேண்டிய வாசகி அவர்தானே!

வேறு வழி இல்லாமல் இல்லை. 2005–06இல் நடந்த மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வு, ஆறாம் வகுப்பை முடிக்காதவர்களிடம் ஒரு வாக்கியம் எழுதிய அட்டையைக் காட்டிப் படிக்கச் சொன்னது. முழுதும் படித்தவர், பாதி படித்தவர், படிக்க இயலாதவர் என்று பிரித்தது. 2005இல் தொடங்கிய ‘அசர்’ ஆய்வு, சிறுவர்களின் வாசிப்பை எழுத்து, சொல், பத்தி, கதை எனப் படிப்படியாக அளக்கிறது. ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டங்களுக்குள் மறைந்துபோகும் மனிதர்கள் இந்தப் படிகளில் தென்படுகிறார்கள்.

121 கோடிப் பேரையும் வாசிக்கச் சொல்வது ஆகாத காரியம்தான். எனினும் ஒரு சிறு கூறையேனும் சோதித்து, வாய்மொழி எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் வெளியிட வேண்டும் என்பது நம் கருத்து. எழுத்தறிந்தவர் என்று தவறாகக் குறிக்கப்பட்டவருக்குக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழாது என்பதால் இது வெறும் கணக்குப் பிழையன்று.

நாமும் நம் அலுப்பைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு வாக்கியத்தைப் படித்துவிடுபவர் ஒரு நாவலையும் படிப்பார் என்று எந்த அளவுகோலும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டது நாம்தான்.