கிளச் மிதிக்கிறவைக்கு மட்டுமா கார்?

"மனுவலை எடுங்கோ அண்ணை. ஓட்டோ கியர் எல்லாம் பொம்பிளையளுக்கும் ஓடப் பழகாத ஆக்களுக்கும்தான்."

போன மாதம் எங்கட வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி ஒரு மாமா சொன்ன வசனம் இது. அவர் அதைச் சொல்லும்போது அம்மா, அம்மம்மா, அக்கா, நான் என்று நாலு பொம்பிளைகள் அங்கே நின்றோம். வீட்டில் ஆண் என்று இருக்கிறது அப்பா மட்டும்தான். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் நாலு பேருக்குப் பொருத்தமான கார் எது என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அதை வாங்க வேண்டாம் என்கிறார். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதைவிட, ஒருத்தரும் சிரிக்கவும் இல்லை. அப்பா தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினா. அதுதான் இதை எழுத வைத்தது.

விசயம் இதுதான். புரோக்கர் எங்களுக்கு இரண்டு கார் காட்டியிருக்கிறார். இரண்டும் ரொயோட்டா கொறோலா 121. இரண்டிலும் 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின். ஒன்று ஐந்து கியர் மனுவல், மற்றது நாலு கியர் ஓட்டோமற்றிக். வயதும் விலையும் கிட்டமுட்டத்தான். 2020 மார்ச்சில் நிறுத்தின தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள் என்றாலும், வந்து இறங்குகிற கார்களின் விலைக்குப் பக்கத்திலும் அப்பாவின்ர பென்சன் காசு போகாது. ஆகவே இருபது வருசம் ஓடின 121தான். அதில் எது என்பதுதான் கேள்வி.

ஓட்டோ என்பது என்ர பதில். சொகுசுக்காகச் சொல்லவில்லை. மாமா சொன்ன நியாயங்களில் சிலது சரியாக இருந்தும்தான் சொல்கிறேன்.

பெற்றோல் கூடக் குடிக்கும் என்றார். உண்மை. அந்தப் பழைய நாலு கியர் பெட்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் நேரடித் தொடர்பு இல்லை. எண்ணெய் நிறைந்த ஒரு கோதுக்குள்ளால்தான் சக்தி கைமாறுகிறது. அதில் கொஞ்சம் சூடாகி வீணாகும். டவுனுக்குள் நின்று நின்று போகும்போது அது தெரியும். ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் போகும்போது உள்ளே இருக்கிற லொக்-அப் கிளச் இரண்டையும் இறுக்கிப் பிடித்துவிடும், வித்தியாசம் சுருங்கிவிடும். 2022இல் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறினதையும், கியூஆர் காட்டி ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கினதையும் பார்த்த தலைமுறை நாங்கள். பெற்றோலை அற்பமாகக் கதைக்க எனக்கு மனம் வராது. ஆனால் எங்கட பழைய நிசான் சனி மனுவல்தான். அது போர்ட்டிகோவுக்குள் நின்றது; அம்மம்மா கண் கிளினிக்குக்கு ஓட்டோவில் போனா, அக்கா பின்னேர வகுப்புக்கு ஓட்டோவில் போனா, மழை நாளில் அம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓட்டோவில் போனா. ஓட்டோ கியர் வேண்டாம் என்று இருந்த வீட்டில் எல்லாரும் மூன்று சில்லு ஓட்டோவில்தான் திரிந்தோம். அந்தக் கூலியை ஆரும் பெற்றோல் கணக்கில் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது மலை. "நுவரெலியாப் பக்கம் போனால் ஓட்டோ இழுக்காது, இறக்கத்தில பிறேக் பிடிக்காது." யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது? கீரிமலையில்கூடப் பேரில்தான் மலை. சரி, வருசத்தில் ஒருதரம் கடுகண்ணாவை ஏறுகிறோம், றம்பொடைப் பக்கம் இறங்குகிறோம் என்று வைப்போம். 121 ஓட்டோவில் டீக்குக் கீழே 2 என்றும் எல் என்றும் இரண்டு இடம் இருக்கிறது. லீவரில் ஓ.டி. என்று ஒரு பட்டன் இருக்கிறது. இறக்கத்தில் மனுவல்காரர் இரண்டாம் கியரைப் போட்டு எஞ்சினால் வேகத்தைப் பிடிப்பது போலவே இதிலும் பிடிக்கலாம். எங்கட ஆக்கள் டீயில் போட்டதைப் போட்டபடி விட்டு, பத்துக் கிலோமீற்றருக்கு பிறேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, பிறேக் சூடாகி மணத்த பிறகு "ஓட்டோ சரியில்லை" என்கிறார்கள். சரியில்லாதது கார் இல்லை.

திருத்த வேலை பற்றி மாமா சொன்னதை இப்படி ஒரு வரியில் தள்ள ஏலாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கராஜ்காரர் மாமரத்துக்குக் கீழே கியர்ப் பெட்டியைக் கழற்றி, சாக்கு விரித்துப் பரப்பி, தேய்ந்த பல்லைப் பார்த்து, இல்லாத சாமானைத் தானே கடைந்து போட்டார். பற்றரி இறங்கினால் ஒழுங்கையில் நாலு பேர் தள்ளி ஸ்ரார்ட் எடுத்தார்கள். ஓட்டோமற்றிக்கைத் தள்ளி ஸ்ரார்ட் எடுக்க ஏலாது. அந்தக் காலத்தில் கார் ஓடின ஒருத்தருக்கு, திறந்து பார்க்கக்கூடிய பொருளில்தான் நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையை நக்கல் அடிக்கிற தகுதி எனக்கு இல்லை.

ஆனால் அந்தக் காலம் போய், யப்பானில் பாவித்த கார்கள் வந்து நிறைந்த காலம் இது. யப்பானில் 1991இலேயே ஓட்டோமற்றிக்குக்கு மட்டும் தனி லைசன்ஸ் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அங்கே ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஓட்டோதான். அங்கிருந்து இங்கே வந்தவையும் அப்படித்தான். இன்றைக்கு எங்கட ஒழுங்கைகளில் நிற்கிற அலியன், பிறீமியோ, அக்சியோவை எல்லாம் ஆர் திருத்துகினம்? கொழும்புக்கு லொறியில் ஏற்றியா அனுப்புகினம்? கியர்ப் பெட்டி முழுசாகப் போனால் மனுவலைவிடச் செலவு பெரிசு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறையப் பெட்டிகள் போகிறது பிழையான எண்ணெயால். சிவிரி பெட்டிக்கு அதற்குரிய எண்ணெய் விட வேண்டும். 121 மாதிரிப் பழைய பெட்டிக்கு ஏரிஎஃப் விட வேண்டும். ஒன்றுக்கு மற்றதை விட்டுவிட்டு, அல்லது வருசக்கணக்காக மாற்றாமலே ஓடிவிட்டு, பெட்டியைக் குறை சொல்கிறோம். மனுவலிலும் கிளச் பிளேட் தேயும்தானே. அதை மாற்றுகிற செலவை மட்டும் ஏன் செலவாகவே நினைக்கிறேல்லை?

இதெல்லாம் மேலால் சொல்கிற நியாயங்கள். உள்ளே இருப்பது அந்த முதல் வசனம்தான்: பொம்பிளையளுக்குத்தான். மாமாவை மட்டும் சொல்லவில்லை. கம்பஸில் என்னோடு படிக்கிற, பெண்ணியம் பற்றி அசைன்மென்ற் எழுதுகிற பெடியளும் "லேடீஸ் கார்" என்று சிரிக்கிறார்கள். கியர் மாற்றத் தெரிந்தவன்தான் உண்மையான டிரைவராம்.

அப்படியென்றால் ஒரு கேள்வி. மாமாவின்ர காலத்தில் வாத்தியார்மாரும் விதானைமாரும் பெருமையாக ஓடித் திரிந்த ஹொண்டா எம்.டி. நைன்ரி ஞாபகம் இருக்கிறதா? அதன் இடது கைப் பக்கம் பாருங்கோ. கிளச் லீவர் இல்லை. காலால் கியரை மிதிக்கும்போது உள்ளே கிளச் தன்பாட்டில் விலகி, தன்பாட்டில் பிடித்துக்கொள்ளும். பாதி ஓட்டோ என்றே சொல்லலாம். அதை ஓடினவரை ஆராவது பொம்பிளை என்று சொன்னோமா? ஆண் ஏறி இருந்தால் அது வசதி, பெண் ஏறி இருந்தால் அது குறை. பொறியியலுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை.

இதே ஊரில் பெண்களின் நடமாட்டத்தை மாற்றினது எது என்று பாருங்கள். முதலில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். பிறகு கியர் இல்லாத ஸ்கூட்டி, டியோ. காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வீதியில் நின்று பார்த்தால் நேர்ஸ்மார், ரீச்சர்மார், கந்தோருக்குப் போகிறவை, கம்பஸ் பிள்ளைகள், பின்னால் பிள்ளையை ஏற்றின அம்மாமார் என்று வீதி நிறைந்து போகும். ஸ்கூட்டிக்குள் இருப்பது ஒரு பெல்ற், அகலம் மாறுகிற இரண்டு புலி. பெரிய அலியனுக்குள் இருக்கிற சிவிரியின் தத்துவமும் அதுதான். இரண்டு சில்லில் இது நடந்து முடிந்துவிட்டது. நாலு சில்லில் மட்டும் போர்ட்டிகோவுக்குள் நின்றுவிட்டது.

எங்கட அம்மாவிடம் லைசன்ஸ் இருக்கிறது. லேர்னர்ஸில் மனுவலில் பழகி, ஒரே தரத்தில் ரெஸ்ட் பாஸ் பண்ணினவ. லைசன்ஸ் கைக்கு வந்த கிழமை சனியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனா; பக்கத்தில் அப்பா. சத்திரத்துச் சந்தியில் கார் நின்றுபோனது. திரும்ப ஸ்ரார்ட் பண்ணினா, கிளச்சைக் கெதியாக விட்டுவிட்டா, திரும்பவும் நின்றது. பின்னால் மினிபஸ் ஹோர்ன். பக்கத்தில் அப்பாவின் சத்தம், ஹோர்னைவிடப் பெரிசு. அவவை இறக்கிவிட்டு அப்பா டிரைவர் சீற்றுக்கு மாறினார். பின் சீற்றில் நான் இருந்தேன், எனக்குப் பத்து வயதிருக்கும். அதற்குப் பிறகு அம்மா சாவியைத் தொட்டதை நான் காணவில்லை. 2022இல் காரை விற்கிற வரைக்கும் தொடவில்லை.

கிளச் மிதிக்கப் பெண்களால் ஏலாது என்று நான் சொல்வதாக ஆரும் திரிக்க வேண்டாம். நானும் மனுவலில்தான் லைசன்ஸ் எடுத்தேன். எடுக்கப்போகிற தங்கச்சிமாருக்கும் அதையே சொல்வேன்: சுகமாகப் பாஸ் பண்ணலாம் என்று லேர்னர்ஸில் ஓட்டோவைக் காட்டினால் சம்மதிக்காதேங்கோ. ஓட்டோவில் ரெஸ்ட் எடுத்தால் ஓட்டோ மட்டும்தான் ஓடலாம், மனுவலில் எடுத்தால் இரண்டும் ஓடலாம். வீட்டுக் காரின் கதை வேறு. முதல் ஆறு மாதம் காரை நிற்பாட்டாமல் ஓடப் பழகுகிற காலம். அந்தக் காலத்தில் பக்கத்தில் இருந்து கத்துவதற்குக் கிளச் ஒரு நல்ல சாட்டு. அப்பாமார் மாறும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு நேரம் இல்லை; சாட்டையாவது எடுத்துவிடுவோம்.

இன்னொன்று, மாமா போன்றவர்கள் ஒருபோதும் யோசிக்காதது. ஓட்டோமற்றிக் காரில் இடது காலுக்கு வேலையே இல்லை. போருக்குப் பிந்தின வடக்கில் இது சின்ன விசயமா? இடது காலை இழந்த எத்தனை பேர் எங்கட ஊர்களில் இருக்கினம். வலது கால் ஆக்சிலேற்றருக்கும் பிறேக்குக்கும் போதும். "உண்மையான டிரைவர்" கதையை அவர்களுக்கு முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். முழங்கால் தேய்ந்த எங்கட அப்பாவுக்கே இன்னும் ஐந்து வருசத்தில் இந்தக் கிளச் பாரமாகப் போகிறது. அதை அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

நீங்கள் தனி ஆளாக ஓடுகிறீர்கள், தூரப் பயணம்தான் கூட, கியர் மாற்றுவதில் ஒரு ருசி இருக்கிறது என்றால் மனுவலையே எடுங்கோ. அந்த ருசி பொய்யில்லை, எனக்கும் பிடிக்கும். பெட்டி ஒன்று போனால் தாங்குகிற காசு கையில் கொஞ்சமும் இல்லை என்றாலும் மனுவல்தான் புத்தி. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டோவை வாங்கச் சொல்லவும் இல்லை. காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது போய்ப் பாருங்கோ. விற்கிறவர் முதலே ஓடிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கோ. பிறேக்கை மிதித்தபடி டீக்கும் ஆருக்கும் மாற்றும்போது காலம் தாழ்த்தி உதைத்துப் பிடித்தால் வேண்டாம். 121இல் கியர் எண்ணெய்க்குத் தனி டிப்ஸ்ரிக் இருக்கு. துடைத்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். கறுத்து, எரிந்த மணம் அடித்தால் விலையே பேசாமல் வந்துவிடலாம்.

இதையெல்லாம் போன வெள்ளி இரவு அப்பாவிடம் சொன்னேன். கேட்டார். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப அந்த ஓட்டோவையும் ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா பாப்பம்" என்றார். அம்மாவைத்தான் ஓடிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன். அம்மா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குக் கீழே இருந்து லைசன்ஸை எடுத்துக்கொண்டு வந்து லைற்றுக்குக் கிட்டப் பிடித்தா. எட்டு வருசம்தான் அதற்கு ஆயுள். முடிந்து சில வருசமாகிவிட்டது. ஒரு நாளாவது தனிய ஓடாமலே முடிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஓடிப் பார்க்கிறேன். புதுப்பிக்க மெடிக்கல் வேண்டுமாம். அம்மா செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறா. சந்தியில் நிற்கிற அண்ணையிடம் எட்டு மணிக்கு வரச் சொல்லி ஓட்டோவும் பிடித்தாயிற்று.