வாளின் நீளமும் வளவுத் தென்னையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே உள்ளது செட்டிபாளையம். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடைப்பட்ட மணல் நிலமெங்கும் தென்னை; எழுவான்கரைக் கிராமங்கள் பலவற்றின் தோற்றம் இதுவே. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளியைக் கண்ட முதியோர், மறுநாட் காலையில் வளவுகளெங்கும் வீழ்ந்து கிடந்த தென்னைகளை இன்றும் மறந்திலர்.

கோடரியும் கைவாளும் நாட்கணக்கிற் செய்த வேலையை இக்காலத்தில் இயந்திர வாள் நாழிகைக் கணக்கில் முடித்துவிடுகின்றது. அதனைச் சொந்தமாக வாங்க எண்ணும் இளைஞரும் நம்மூர்களிற் பலர். கடைக்குச் சென்றதும் அவர்கள் வினவுவது, “எத்தனை அங்குலம்?” என்பதாகும். நல்ல வினாவே. ஆனால், “இருப்பதில் நீளமானதைத் தாருங்கள்” என்று அதற்கு விடையையும் தாமே கூறிவிடுகின்றனர். அங்கேதான் நாம் குறுக்கிட வேண்டியிருக்கின்றது.

அங்குலக் கணக்கு, சங்கிலி சுற்றியோடுகின்ற நீண்ட தகட்டைப் பற்றியது. தொழிலாளர் இதனைப் ‘பார்’ என்பர். இயந்திரத்தின் முகப்பிலிருந்து தகட்டின் நுனிவரை வெளியே தெரியும் பகுதியே மரத்தை அறுக்கும் நீளமாகும். உடலுக்குள் மறைந்திருப்பதையும் கூட்டி அளந்து ஏமாறலாகாது.

இனி, மரத்தை அளப்போம். ஒரு கயிற்றினால் அடிமரத்தைச் சுற்றி அளந்து, அச்சுற்றளவை 3ஆல் வகுத்தால் குறுக்களவு ஏறக்குறையக் கிடைத்துவிடும். சுற்றளவு 42 அங்குலமாயின் குறுக்களவு 14 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதனினும் 2 அங்குலம் மிகுந்த தகடு போதும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. ஆகவே, நம் வளவுத் தென்னைகளிற் பெரும்பாலானவற்றுக்கு 16 அங்குலம் அமையும், மிஞ்சினால் 18. வேர்ப்புறத்தில் தூர் பருத்திருக்குமே என்பீர்கள். அப்பருமனுக்கு மேலே அறுப்பது ஒரு வழி. இரு புறமும் மாறி நின்று அறுப்பது மற்றொரு வழி. ஆனால் அது கைதேர்ந்தவர்க்கே உரியது.

தென்னையின் இயல்பையும் இங்கே நோக்குதல் வேண்டும். வேம்பு, முதிரை முதலியவற்றுக்கு வைரம் உள்ளே இருக்கும். தென்னைக்கும் பனைக்குமோ அது புறத்தே இருக்கும், நடுப்பகுதி மென்மையானது. இதுபற்றியே தொல்காப்பியர் மரபியலிற் புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தார். இலக்கணப்படி நாம் அறுப்பது புல்லைத்தான்! ஆயினும் அப்‘புல்’லின் அடிப்புறம் வாட்பற்களை விரைவில் மழுக்கிவிடும். சாதாரணச் சங்கிலியிலே, தகட்டின் தவாளிப்பில் ஓடும் இரண்டு கண்ணிகளுக்கு ஓர் அறுக்கும் பல் என்பது கணக்கு. 60 கண்ணிகளாயின் 30 பற்கள். 72 ஆயின் 36. நீளம் கூடக் கூட அரம் பிடிக்கும் வேலையும் கூடும். அன்றியும், நீண்ட சங்கிலியை இழுப்பதற்கு வலுவான எந்திரம் வேண்டும். 50 சீசீ அளவினதாகிய எந்திரத்திற்கு 16 அல்லது 18 அங்குலமே ஏற்றது. அதிலே 24 அங்குலத் தகட்டைப் பூட்டுவது, கன்றினைப் பெருவண்டியிற் பூட்டுவதை ஒக்கும்.

இவையெல்லாம் பணத்தைப் பற்றியவை. உயிரைப் பற்றியது வேறொன்றுண்டு. ஓடுகின்ற சங்கிலி தகட்டு நுனியின் மேற்பாதியில் ஏதேனும் ஒன்றிற் பட்டால், வாள் முழுவதும் கண்ணிமைக்கும் முன்னே மேலெழுந்து, பிடித்திருப்பவரின் முகத்தையோ கழுத்தையோ நோக்கி மீளும். நம் வளவுகளோ ஒடுங்கியவை. வெட்டும் மரத்துக்கு அப்பால் வேலிக்கட்டையோ மதிலோ அடுத்த தென்னையோ நிற்கும். 14 அங்குல மரத்தை 24 அங்குலத் தகட்டால் அறுத்தால், மறுபுறம் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டிருக்கும் 10 அங்குலமும் எதிற் படும் என்று யார் கூறுவர்? அதிலும், சாரத்தை மடித்துக் கட்டி, றப்பர்ச் செருப்புடன் வேலைக்கு வருபவர்களைக் காணுந்தோறும் அவர்கள் வீட்டுப் பெண்களை நினைந்து நாம் கலங்குகின்றோம்.

இவ்வாட்பற்களின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து மரவெட்டியான ஜோசப் கொக்ஸ் என்பவர், மரத்தைக் குடைந்து செல்லும் வண்டுப் புழுவொன்று தன் தாடைகளை இடமும் வலமுமாக அசைத்து அரிப்பதை உற்று நோக்கி, அவ்வாறே பற்களை அமைத்தார். 1947இல் அச்சங்கிலி விற்பனைக்கு வந்தது. வண்டுகள் நமக்குக் கற்பித்தது அம்மட்டே. நம் தென்னைகளிலோ அவை அழிவையே செய்கின்றன. வீழ்ந்த தென்னங்குற்றிகளை உக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அவற்றிற் பெருகி, நிற்கும் மரங்களின் குருத்தைத் தாக்கும். ஆகவே குற்றிகளை விரைவில் அறுத்து அகற்றுதல் அவசியம். அவ்வேலைக்கும் 16 அங்குல வாளே கைக்கு இலகுவானது.

படுவான்கரையிற் பெரும் புளியோ மருதோ வீழ்ந்துவிட்டால் என் செய்வது? அதற்கு 20 அங்குலத்திற்கு மேற்பட்ட தகடும் 60 அல்லது 70 சீசீ எந்திரமும் வேண்டுமென்பது மெய். ஆண்டிற்கு ஒரு முறை நேரும் அவ்வேலைக்கு, அத்தகைய வாளுடையவரைக் கூலிக்கு அழைப்பதே சிக்கனம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதாயின் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முன்னரே அனுமதி பெறுதல் வேண்டும். வாளையும் பொலிஸ் நிலையத்திற் பதிந்துகொள்ளுமாறு 2019இல் அரசு பணித்தது.

கடையிலே தகட்டின் அடிப்புறத்தைப் பாருங்கள். நீளம், கண்ணிகளின் இடைவெளி, தவாளிப்பின் அகலம், கண்ணிகளின் எண்ணிக்கை ஆகியன பெரும்பாலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒரு தாளிற் குறித்து வீட்டிலே வைத்துக்கொண்டால், அடுத்த முறை சங்கிலி மட்டும் வாங்க யாரை அனுப்பினாலும் பொருத்தமானதே வந்து சேரும்.