இரட்டைத் திமில்

லடாக் போய் வரும் தமிழர்களின் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கர்துங் லா கணவாயில் மூச்சுத் திணறல், அப்பால் நுப்ரா பள்ளத்தாக்கு, ஹுண்டர் மணல்மேட்டில் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் மேல் ஒரு புகைப்படம். சவாரிக்கு ஒரு பத்தி ஒதுக்கப்படும். அதில் 'பாலைவனக் கப்பல்' தவறாமல் மிதக்கும். நம்மவர்கள் ஒட்டகத்தை இவ்வளவு அலட்சியமாக எழுதுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஏனெனில் நம் முன்னோர் அப்படி எழுதவில்லை.

தொல்காப்பிய மரபியல் ஒட்டகத்தின் பெண்ணைப் பெட்டை என்று குறிக்கிறது. சிறுபாணாற்றுப்படையில், கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களை ஒத்திருக்கின்றன. அகநானூற்றின் 245ஆம் பாடல் இன்னும் ஒரு படி மேல். அதைப் பாடியவர் நம் மதுரைக்காரர், மருதன் இளநாகனார். பொருள் தேடப் புறப்பட நினைக்கும் தலைவன் வழியின் கொடுமையை எண்ணிப் பார்க்கிறான். அங்கே காய்ந்து வெளுத்த எலும்பு ஒட்டகத்தின் பசியைத் தீர்க்கிறது. தழை தின்னும் விலங்கு எலும்பு தின்னுமா என்று கேட்டால், தின்னும். தீவனத்தில் பாஸ்பரஸ் குறைந்தால் ஒட்டகங்கள் எலும்பைக் கடித்து மெல்லும் என்பது கால்நடை மருத்துவர்கள் அறிந்த செய்தி. வைகைக் கரையில் இருந்துகொண்டு இதை எழுத எத்தனை கூர்மையான கவனிப்பு வேண்டும்!

இளநாகனாருடையது ஒற்றைத் திமிலாகவே இருந்திருக்கும். ஆனால் எலும்பு கிடக்கும் வழி என்ற அவருடைய காட்சியை நுப்ராவுக்கு அப்பால் அப்படியே காணலாம். லே நகரிலிருந்து நுப்ரா வழியாக, 18,000 அடிக்கு மேல் உள்ள காரகோரம் கணவாயைக் கடந்து யார்கந்து வரை சென்ற வணிகப் பாதையில், மாண்டுபோன பொதிவிலங்குகளின் எலும்புகளே வழிகாட்டும் அடையாளங்கள் என்று பழைய பயணிகள் பலரும் எழுதியிருக்கிறார்கள். குதிரைகளோடும் கழுதைகளோடும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் அதில் பொதி சுமந்தன. 1949ல் சின்ஜியாங் சீனக் கம்யூனிஸ்டுகள் வசமானதைத் தொடர்ந்து அந்த வணிகம் நின்றது. இந்தப் பக்கம் தங்கிவிட்ட ஒட்டகங்களின் வாரிசுகள்தாம் இன்று ஹுண்டரில் நம்மைச் சுமப்பவை. எல்லை மூடியதால் வேலை இழந்த விலங்குகள் அவை. பல பத்தாண்டுகள் ஆற்றோர முட்புதர்களை மேய்ந்து கிடந்தவற்றுக்கு, நுப்ரா சுற்றுலாவுக்குத் திறந்துவிடப்பட்ட 1990களுக்குப் பிறகே மீண்டும் பிழைப்பு வந்தது.

சவாரியே வதை, நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சவாரி நின்றால் உடைமையாளர் எதற்காகத் தீவனம் போடுவார்? ராணுவத்துக்காக லேயில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இவற்றைப் பொதி சுமக்கப் பழக்கியது உண்மைதான். ஆனால் எல்லா ஒட்டகமும் படையில் சேர முடியாது.

என் மறுப்பு சவாரியின் வடிவத்தைப் பற்றியது. மாதக்கணக்கில் நடப்பதற்கென்று உருவான உடலை, கால் மணியோ அரை மணியோ ஒரே மணல்திட்டைச் சுற்றிவரச் செய்கிறோம். அதுவும் அடர்ந்த ரோமத்தை உதிர்த்துவிட்டு மெலிந்து தெரியும் கோடை மாதங்களில், ஒருவர் இறங்க மற்றொருவர் ஏற, நாள் முழுவதும். செக்குமாட்டுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? டிஸ்கிட்டிலிருந்து ஹுண்டருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். ஷியோக் ஆற்றங்கரையோரம் அந்தத் தூரத்தை ஒரு காலைப்பொழுதில் ஒட்டகத்தோடு கடக்கலாம். பாதி தூரம் இறங்கி நடக்கவும் செய்யலாம். கட்டணம் கூடும், ஏறுவோர் தொகை குறையும். உடைமையாளருக்கு வருமானம் குறையாதபடி இதைச் செய்ய முடியும் என்றே நினைக்கிறேன்.

அடுத்த கோடையில் மதுரையிலிருந்து கிளம்பும் நண்பர்கள் இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும். திரும்பி வந்து எழுதும்போது அந்தக் கப்பலை மட்டும் கரையிலேயே விட்டுவிடுங்கள்.